பழுது பார்த்தும் திரும்பி வந்த ‘கடக்’ சத்தம்: முன் இடது சக்கரம், ஆலோசனை தேவை

நொய்யல்_கரை (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 80,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. தீபாவளிக்கு முன்பு முன் இடது பக்கம் ‘கடக் கடக்’ என்று சத்தம் வர ஆரம்பித்தது. ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போதும், குழி விழுந்த தெருக்களிலும் நன்றாகக் கேட்கும். வேகமாகப் போனால் அவ்வளவாகத் தெரியாது.

பட்டறையில் காட்டினேன். இரண்டு பக்க லிங்க் ராடும் (ஸ்டெபிலைசர் பாரோடு இணைக்கும் சின்னக் கம்பி), இடது லோயர் ஆர்மும் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கீழ்க் கை) மாற்றினார்கள். வண்டி அமைதியாகிவிட்டது, சந்தோஷமாகத்தான் இருந்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வழியில் அதே பக்கம், அதே சத்தம் மறுபடியும் வந்துவிட்டது. திரும்பப் போய்க் காட்டினால், “ஷாக் அப்சார்பர் போய்விட்டது சார், இரண்டு பக்கமும் ஸ்ட்ரட் செட்டாக மாற்ற வேண்டும்” என்கிறார்கள் (ஸ்ட்ரட் என்பது ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்). முன்பு ஆன செலவைவிட மூன்று மடங்கு எஸ்டிமேட்.

முதலில் மாற்றியதே தேவையில்லாததா, இல்லை இப்போது சொல்வதுதான் தவறா என்று புரியவில்லை. பணம் கட்டுவதற்கு முன் எதைப் பார்க்கச் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேனிக்காரன்

80,000 ஓடிய வண்டிக்கு ஸ்ட்ரட் மாற்றச் சொல்வதில் தவறு ஒன்றும் இல்லை நண்பரே. நம் ஊர் ரோட்டுக்கு அது உழைத்ததே அதிகம். எப்படியும் ஒரு நாள் மாற்றத்தான் போகிறீர்கள், இப்போதே மாற்றிவிட்டால் ஓட்டமும் புது வண்டி மாதிரி ஆகிவிடும். பட்டறையோடு சண்டை போட்டு அலைவதைவிட அது நிம்மதி.

மஞ்சள்_பலகை (சென்னை)

தேனி அண்ணா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. டாக்ஸி ஓட்டுகிறேன், சஸ்பென்ஷன் வேலை எனக்கு வருடா வருடம் வரும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காட்டாமல் பார்ட் மாற்றச் சொன்னால் சாவியைக் கொடுக்கவே மாட்டேன். ஸ்ட்ரட் மாற்றி, அதற்கு அப்புறமும் சத்தம் இருந்தால் அந்தப் பணத்தை யார் திருப்பித் தருவார்கள்?

நொய்யல் அண்ணா, முதலில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். சத்தம் கண்டிப்பாக வரும் ஒரு மோசமான தெருவைப் பிடியுங்கள். பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக, வண்டி நிற்காத அளவுக்கு மிதித்தபடி போங்கள். அப்போது சத்தம் நின்றுவிட்டால் பிரேக் பேட் அல்லது காலிப்பர் (பேடை அழுத்தும் கவ்வி) ஆடுகிறது என்று அர்த்தம். பேடைப் பிடித்திருக்கும் சின்னத் தகடு கிளிப் விழுந்திருக்கும், அல்லது காலிப்பர் பின் தேய்ந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வண்டிக்கு லிங்க் ராட், ஸ்டியரிங் ராக் எல்லாம் மாற்றிய பிறகுதான் இந்தக் கிளிப்பைப் பார்த்தார்கள். அதன் விலை மிகச் சொற்பம்.

பட்டறைக்காரர் (சேலம்)

நான் சேலத்தில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். வண்டியைப் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நொய்யல் சார் எழுதியதில் ஒரு விஷயம் முக்கியம். முதல் வேலைக்குப் பிறகு சத்தம் உண்மையிலேயே நின்றிருக்கிறது. அப்படியென்றால் மாற்றிய பொருட்களில் ஒன்றுதான் அப்போதைய காரணம். தொடாத ஸ்ட்ரட்டுக்குப் போவதற்கு முன்னால் மாற்றிய இடத்தைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். “அதுதான் புதுசாச்சே” என்று அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எனக்கு நான்கு கேள்விகள்:

சத்தம் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும் ஸ்பீட் பிரேக்கரில் அதிகமா, ஒரு சக்கரம் மட்டும் இறங்கும் குழியில் அதிகமா? வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் ‘டொங்’ என்று எதாவது கேட்கிறதா? ரிவர்ஸில் வந்து பிரேக் அடித்து, உடனே முன்னால் எடுத்து மறுபடி பிரேக் அடித்தால் ஒரே ஒரு ‘டொக்’ வருகிறதா? லோயர் ஆர்ம் மாற்றிய அன்று வீல் அலைன்மென்ட் செய்தார்களா?

ஒவ்வொன்றையும் ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். லிங்க் ராட் வேலை செய்வது இடது, வலது சக்கரங்கள் ஒன்றுக்கொன்று வேறாக ஏறி இறங்கும்போதுதான். இரண்டும் சமமாக ஏறினால் இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் அப்படியே சுழன்றுவிடும், லிங்க்கில் பளு பெரிதாக விழாது. அதனால் ஒற்றைக் குழியில்தான் தேய்ந்த லிங்க் அதிகம் கத்தும். ஸ்டியரிங் திருப்பும்போது சத்தம் என்றால் ஸ்ட்ரட்டின் மேலே இருக்கும் மவுண்ட், அதன் பேரிங் பக்கம் சந்தேகம். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் கை வைத்தால் அது சீராகச் சுழல்கிறதா, துள்ளித் துள்ளித் திரும்புகிறதா என்று கைக்கே தெரியும். விரலைச் சுருள்களுக்கு நடுவில் மட்டும் விடாதீர்கள். ரிவர்ஸ், முன்னால் சோதனை லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ்ஷுக்கானது. பிரேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தை முன்னும் பின்னும் இழுக்கும் பளுவைத் தாங்குவது அந்த ரப்பர்தான். ஆர்ம் மாற்றினால் சக்கரத்தின் கோணம் விலகலாம், அதனால்தான் அலைன்மென்ட் கேட்டேன்.

அண்ணாநகர்_பயணி

டிக்கியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பஞ்சர் போட்ட பிறகு ஜாக்கியைச் சரியாகத் திருகி வைக்கவில்லை என்றால், ஸ்டெப்னி நட்டை முழுதாக இறுக்கவில்லை என்றால், அந்தச் சத்தம் சஸ்பென்ஷன் மாதிரியே கேட்கும். காரின் உடல் முழுக்க ஒரே தகடு, சத்தம் எங்கிருந்து எங்கே போகிறது என்று காதுக்குத் தெரியாது. பின்னால் ஒருவரை உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள்.

நொய்யல்_கரை

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. டிக்கியைக் காலி செய்து ஓட்டினேன், மாற்றம் இல்லை. மஞ்சள் பலகை தம்பி சொன்ன பிரேக் சோதனையும் செய்தேன். பிரேக்கை மிதித்தபடி போனாலும் சத்தம் இருக்கிறது, சொல்லப்போனால் கொஞ்சம் கனமாகவே கேட்கிறது.

பட்டறைக்காரர் சார், ஸ்பீட் பிரேக்கர், குழி இரண்டிலும் வருகிறது. ஸ்டியரிங் திருப்பினால் சத்தம் இல்லை, ஸ்பிரிங்கும் சீராகவே சுழல்கிறது. ஆனால் ரிவர்ஸ் சோதனையில் ‘டொக்’ என்று ஒரு அடி, கால் வைக்கும் இடத்துக்குக் கீழேயே தெளிவாகத் தெரிகிறது. பார்க்கிங்கிலிருந்து எடுக்கும்போது இதை இத்தனை நாள் கியர் விழும் சத்தம் என்று நினைத்திருந்தேன். அலைன்மென்ட் பில்லில் இல்லை.

பட்டறைக்காரர்

அப்படியானால் என் சந்தேகம் அந்தப் புதிய லோயர் ஆர்ம் மேல்தான். புதிதாகப் போட்டது அதற்குள் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் திரும்பி வரும் சஸ்பென்ஷன் சத்தங்களில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் அனுபவம்.

ரப்பர் புஷ்ஷுக்கு நடுவில் ஒரு இரும்புக் குழல் இருக்கும். வெளி வளையம் ஆர்மில் இறுகியிருக்கும், உள் குழல் போல்ட்டால் சேஸியோடு இறுகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இரு பக்கமும் ஒட்டப்பட்டது. சக்கரம் ஏறி இறங்கும்போது எதுவும் எதன் மேலும் வழுக்குவதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு நெகிழ்கிறது. ஆகவே வண்டி சாதாரணமாக நிற்கும் உயரத்தில் ரப்பர் முறுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று சமமாக நெகிழும்.

லிஃப்டில் வண்டி தூக்கியிருக்கும்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால் ரப்பர் அந்தத் தொங்கல் நிலையையே தன் இயல்பாகப் பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியவுடன் முறுக்கு ஏறிவிடுகிறது. நின்றாலும் ஓடினாலும் அந்த முறுக்கு இறங்காது. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அளவுக்கு மேல் இழுபட்டு, சில மாதத்தில் ரப்பர் கிழிந்துவிடும். பொருளில் குறை இல்லை, மாட்டிய முறையில்தான் குறை.

சரியான முறை இது: தொங்கும்போது போல்ட்டைக் கை இறுக்கத்தில் விட வேண்டும். பிறகு வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, நான்கு முறை அழுத்தி விட்டு, அப்புறம்தான் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) வைத்துக் கடைசி இறுக்கம். கீழே படுக்க வசதி இல்லையென்றால் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டியின் எடை அதில் இறங்கும் அளவுக்குத் தூக்கி இறுக்கலாம். ஐந்து பத்து நிமிட வேலை கூடுதலாகும். அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

எந்தப் புஷ் என்பதையும் பார்க்க வேண்டும். சில மாடல்களில் பின்பக்கப் புஷ் செங்குத்தாக நிற்கும், அதற்கு இந்த முறுக்குப் பிரச்சினை குறைவு. போல்ட் படுத்திருக்கும் மாடல்களில்தான் இது பெரிதாகக் கடிக்கும்.

பட்டறைக்குப் போனால் ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். லிஃப்டில் ஏற்றி, புஷ்ஷுக்குப் பக்கத்தில் நீளமான கடப்பாரை மாதிரி லீவர் வைத்து நெம்பிக் காட்டட்டும். நீங்கள் கீழே நின்று பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் வாய் பிளந்து தெரியும்.

தேனிக்காரன்

நல்ல விளக்கம் சார். ஆனால் பட்டறை மேலேயே முழுப் பழியும் போடுவது சரியா? பெரிய சத்தம் ஒன்று நின்றால், அதற்குள் ஒளிந்திருந்த சின்னச் சத்தம் மேலே வரும். வாடிக்கையாளருக்கு அது பழைய சத்தமே திரும்பியது போலத்தான் தோன்றும். என் தம்பி சர்வீஸ் சென்டரில் அட்வைசராக இருந்தவன், இதே புகாரைத் தினமும் கேட்டிருக்கிறான்.

பட்டறைக்காரர்

நீங்கள் சொல்வது நடக்கும், நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் முதல் வேலைக்கு முன்பே சத்தத்தைப் போனில் பதிவு செய்து வைக்கச் சொல்வேன். போனைக் கையில் பிடிக்காமல், ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவர் காலடியில் வைத்து, அதே தெரு, அதே வேகம். இரண்டாவது தடவை வந்தால் இரண்டையும் போட்டுக் கேட்டு ஒப்பிடலாம். ஞாபகத்தை வைத்து ஒப்பிட்டால் இரு தரப்புக்கும் தகராறுதான் மிஞ்சும்.

ஆனால் சத்தம் ஒளிந்திருந்தது என்று சொல்வதற்கும் ஆதாரம் வேண்டும். ஸ்ட்ரட் போய்விட்டது என்றால் எண்ணெய்க் கசிவைக் காட்டலாம், வண்டியின் மூலையை அழுத்தி விட்டால் அது அடங்காமல் ஆடுவதைக் காட்டலாம், மவுண்ட் ரப்பர் பிளந்ததைக் காட்டலாம். எதையும் காட்டாமல் எஸ்டிமேட் கொடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நாங்கள் இந்தத் தொழிலில் இருப்பதே நம்பிக்கையால். அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

மஞ்சள்_பலகை

லிங்க் ராடு சந்தேகம் தீர இன்னொரு வழி உண்டு. மெக்கானிக்கை வைத்து இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, தொங்கி எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, பட்டறைத் தெருவிலேயே மெதுவாக ஒரு சுற்று. சத்தம் நின்றால் லிங்க் அல்லது பார் புஷ். நிற்கவில்லை என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடலாம். திருப்பத்தில் வண்டி அதிகமாகச் சாயும், அதனால் மெயின் ரோட்டுக்குப் போகவே கூடாது.

பார்ட் வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரே லிங்க் ராடுக்கு மூன்று விலை சொல்வார்கள். மலிவானதன் பால் ஜாயின்ட் சீக்கிரமே ஆடத் தொடங்கிவிடும், ரப்பர் உறையும் அதில் சரியாக இருக்காது. உறை கிழிந்து தண்ணீரும் மண்ணும் போனால் கதை முடிந்தது. பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள், புதியதன் பெட்டியையும் வாங்குங்கள். எந்தக் கம்பெனி, எந்த எண் என்று பிறகு பேச அது உதவும்.

ஸ்கார்பரோ_தமிழன்

இங்கே கனடாவில் இருந்து வாசிக்கிறேன். எங்களுக்குப் பனிக்காலத்தில் ரோட்டுக்கு உப்புப் போடுவதால் இரும்பு எல்லாம் துரு. திருத்தின பிறகும் திரும்பி வரும் சத்தத்துக்கு இங்கே பெரிய காரணம் சைலன்சர் குழாய்க்கு மேலே இருக்கிற வெப்பத் தடுப்புத் தகடு. துருப் பிடித்து ஆணி விட்டுப்போய், இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது மட்டும் கிலுகிலுக்கும். கராஜில் ஒரு இடத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள், அடுத்த மூலை கழன்றுவிடும். வண்டி நிற்கும்போதே ஆக்சிலேட்டர் மிதித்துச் சத்தத்தை வரவழைக்க முடிந்தால் அது சஸ்பென்ஷன் இல்லை என்று பிரித்துவிடலாம். நொய்யல் அண்ணைக்கு இது பொருந்தாது, வேறு யாருக்காவது உதவட்டும்.

இன்னொன்று. இங்கே குளிரில் ரப்பர் விறைத்து ‘கிறீச்’ என்று முனகும்போது சிலர் என்ஜின் ஓயிலையோ சாதாரணக் கிரீஸையோ பூசுவார்கள். சத்தம் நிற்கும், ஆனால் பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதிப் பஞ்சாக்கிவிடும். பூசத்தான் வேண்டுமென்றால் சிலிக்கோன் கிரீஸ்.

பட்டறைக்காரர்

சரியாகச் சொன்னீர்கள். நம் ஊரிலும் புஷ்ஷுக்கு எண்ணெய் அடித்து அனுப்பும் பழக்கம் இருக்கிறது. வண்டி பட்டறையை விட்டு அமைதியாகப் போகும், கொஞ்ச நாளில் இரண்டு மடங்கு சத்தத்தோடு திரும்பி வரும்.

வழக்காடுபவன் (மதுரை)

வண்டி பற்றி எனக்குத் தெரியாது, பில் பற்றிச் சொல்கிறேன். நொய்யல் சார், முதல் வேலையின் பில்லும் ஜாப் கார்டும் (பட்டறை எழுதும் வேலைச் சீட்டு) இருக்கிறதா? பார்ட்டுக்கும் வேலைக்கும் வாரண்டி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது தடவை போகும்போது ஜாப் கார்டில் “சஸ்பென்ஷன் செக்” என்று எழுத விடாதீர்கள். “முன்பு லோயர் ஆர்ம் மாற்றிய அதே இடது பக்கம், அதே சத்தம் திரும்ப வந்துள்ளது” என்று எழுதச் சொல்லுங்கள். பழைய பில் எண்ணையும் அதில் சேருங்கள். அந்த ஒரு வரி இல்லையென்றால் அது புதிய வேலையாகிவிடும்.

பேசித் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியவில்லை என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இன்னொரு மெக்கானிக் எழுத்தில் கொடுக்கும் அறிக்கை கையில் இருந்தால் பலம். ஆனால் அதே பட்டறைக்குச் சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுத்ததற்கும் ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் வேறு இடத்தில் கழற்றி மாற்றிவிட்டால் எது குறை என்று நிரூபிப்பது கஷ்டம்.

நொய்யல்_கரை

நடந்ததைச் சொல்கிறேன். பில்லில் வேலைக்கும் பார்ட்டுக்கும் ஆறு மாதம் என்று அச்சிட்டே இருந்தது, நான் கவனித்திருக்கவில்லை. சனிக்கிழமை காலை போய், அட்வைசரிடம் பேசாமல் மெக்கானிக்கையே வண்டியில் ஏற்றிக்கொண்டேன். ரிவர்ஸ் சோதனையை அவர் காதுபடச் செய்தேன். கேட்டவுடனே “இது புஷ் சார்” என்று அவரே சொல்லிவிட்டார். அதுவரை வண்டியை யாரும் ஓட்டிப் பார்க்கவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

லிஃப்டில் லீவர் வைத்து நெம்பியதும் பட்டறைக்காரர் சார் சொன்னது அப்படியே தெரிந்தது. புதிய ஆர்மின் புஷ் ரப்பர் உள் குழலை விட்டுப் பாதிச் சுற்றுக்குக் கிழிந்து நிற்கிறது. போல்ட் படுத்த வகைதான். இரண்டு ஸ்ட்ரட்டிலும் கசிவு இல்லை, மேல் மவுண்ட்டும் நன்றாக இருக்கிறது. ஸ்ட்ரட் எஸ்டிமேட்டை அவர்களே கிழித்துப் போட்டார்கள்.

வேறு ஆர்ம் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு என் முன்னாலேயே போல்ட்டை இறுக்கினார்கள். பார்ட்டுக்கோ வேலைக்கோ பணம் வாங்கவில்லை. அலைன்மென்ட்டுக்கு மட்டும் கொடுத்தேன், டோ அளவு (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) நன்றாகவே விலகியிருந்தது. இடது டயரின் உள் ஓரம் தேய்ந்திருப்பதற்கும் அதுவே காரணம் என்றார்கள். அதற்குப் பிறகு வால்பாறை போய் 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி வந்துவிட்டேன். சத்தம் இல்லை. அந்த மெக்கானிக் தம்பி நல்ல வேலைக்காரர். சத்தத்தை அவர் காதுக்குக் கொண்டுபோக அங்கே வழி இல்லை, அவ்வளவுதான்.

அண்ணாநகர்_பயணி

மகிழ்ச்சி. இதே இழையில் என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன், பட்டறைக்காரர் சார் பார்த்தால் நல்லது. முன் வலது வீல் பேரிங் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 60 தாண்டினால் மறுபடியும் ‘உம்ம்’ என்று உறுமல். ஏபிஎஸ் விளக்கு எரியவில்லை. பேரிங்கே திரும்பவும் போயிருக்குமா?

பட்டறைக்காரர்

போயிருக்கலாம். பேரிங்கை அழுத்தி ஏற்றும்போது எந்த வளையத்தில் அழுத்துகிறோம் என்பது முக்கியம். ஹவுசிங்குக்குள் (பேரிங் உட்காரும் கூடு) ஏற்றும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் பளு முழுவதும் உருளைகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் தழும்பு விழுந்துவிடும். சுத்தியலால் அடித்து ஏற்றினாலும் அதே கதை. முதலில் அமைதியாக இருந்து பிறகு உறும ஆரம்பிக்கும்.

ஆனால் அதற்கு முன் டயரைச் சந்தேகப்படுங்கள். பழைய பேரிங் ஆடியபோது டயர் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் இதே போல்தான் உறுமும். காலியான ரோட்டில் அந்த வேகத்தில் மெல்ல இடது பக்கம் வளைத்துப் பாருங்கள், எடை வலது சக்கரத்துக்குப் போகும். அப்போது உறுமல் ஏறி, வலது பக்கம் வளைத்தால் குறைந்தால் வலது பேரிங். வளைத்தாலும் மாறாமல், தார் ரோட்டிலும் சிமெண்ட் ரோட்டிலும் வேறு வேறாகக் கேட்டால் டயர் பக்கம்தான் சாய்வு.

முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். சத்தமும் பின்னால் போனால் பேரிங்கைத் தொட வேண்டாம். போகவில்லை என்றால் வலது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றியபடி ஸ்பிரிங்கில் இன்னொரு கையை வையுங்கள், கரகரப்பு கைக்கே வரும். முடிவை இங்கேயே எழுதுங்கள். பில்லையும் தேடி எடுத்து வையுங்கள்.

அண்ணாநகர்_பயணி

நன்றி சார். ஞாயிற்றுக்கிழமை டயர் மாற்றிப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.